மார்பகத்தில் சிறிய புற்றுக்கட்டி: வெட்டி எடுப்பதா, ஊசி வழியே சுட்டு அழிப்பதா?

மேமோகிராமில் ஒன்றேகால் செ.மீ. கட்டி. பயாப்சியும் புற்று என்று சொல்லிவிட்டது. அறுவைக்கு நாள் குறிக்கும் நேரத்தில் யாரோ ஒருவர், "ஊசி மாதிரி ஒன்றை உள்ளே விட்டுச் சுட்டே அழித்துவிடுகிறார்களாமே, வெட்டவே வேண்டாமாமே" என்கிறார். அதோடு தூக்கம் போய்விடுகிறது. தேடத் தேட ரேடியோ அலை, மைக்ரோவேவ், லேசர், குவித்த ஒலி அலை, உறைய வைப்பது என்று பெயர்கள் நீள்கின்றன. எதை எதோடு வைத்துப் பார்ப்பது என்பதே குழப்பமாகிவிடுகிறது.

இந்தக் குழப்பத்தில் இருப்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு. எல்லா வழிகளையும் ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'ஹைப்பர்தெர்மியா' என்ற பெயரில் தரப்படும் சிகிச்சை இங்கே பேசப்படுவது அல்ல. அதில் உடல் பகுதியை 40 முதல் 44 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடாக்கி, கதிர்வீச்சு நன்றாக வேலை செய்யும்படி செய்கிறார்கள். பெரும்பாலும் மார்புச் சுவரில் புற்று திரும்ப வந்தவர்களுக்குத்தான் அது. நாம் பேசப்போவது, 60 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கட்டியை நேரடியாகவே கொல்லும் முறை. மருத்துவர்கள் இதை 'அப்லேஷன்' என்பார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

கட்டி முழுக்கச் செத்தது என்பதற்கு என்ன ஆதாரம்? எல்லாவற்றுக்கும் முதலில் வர வேண்டிய கேள்வி இது. விளம்பரங்களில் கடைசியில்கூட வராத கேள்வியும் இதுதான். வெட்டி எடுத்தால், எடுத்த சதையின் வெளி விளிம்பில் மை பூசி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மை பட்ட இடத்தில் புற்றணு இல்லையென்றால் ஓரம் சுத்தம் என்று எழுத்தில் கிடைக்கிறது. சுட்டு அழித்தால் கட்டி உள்ளேயேதான் இருக்கும். மை பூச ஓரம் கிடையாது. அந்த ஆதாரத்தின் இடத்தைப் படங்களும் பிறகு எடுக்கும் பயாப்சியும்தான் நிரப்ப வேண்டும்.

கட்டி இந்த முறைக்குத் தகுதியானதா? அளவு, எண்ணிக்கை, வகை, தோலிலிருந்தும் மார்புத் தசையிலிருந்தும் உள்ள தூரம், படத்தில் எல்லை தெளிவாகத் தெரிகிறதா என்பவை இதில் அடங்கும்.

அக்குள் நிணநீர்க் கணுக்கள் என்ன ஆகின்றன? மார்பகக் கட்டியைச் சுடுவதால் அக்குளில் எதுவும் மாறப்போவதில்லை. அதற்கென்று தனித் திட்டம் வேண்டும்.

பக்கத்துத் திசுவுக்கு என்ன ஆபத்து? தோல், முலைக்காம்பு, மார்புத் தசை.

பிந்தைய சுமை எவ்வளவு? எத்தனை எம்.ஆர்.ஐ., எத்தனை பயாப்சி, எத்தனை ஆண்டு.

எவ்வளவு காலத்துத் தரவு இருக்கிறது? ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது பெண் ஹார்மோன்களின் தூண்டலில் வளரும் மார்பகப் புற்று பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் திரும்ப வரக்கூடியது. அதனால் இரண்டாண்டு முடிவைக் காட்டி யாரும் நிம்மதி தர முடியாது.

## சூடு எப்படிக் கொல்கிறது

43 டிகிரியில் திசுவைக் கொல்ல மணிக்கணக்காகும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தேவையான நேரம் பாதியாகிறது. வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு 43 டிகிரியில் 240 நிமிடம். அதே விளைவுக்கு 53 டிகிரியில் சுமார் 14 நொடியும் 56 டிகிரியில் இரண்டு நொடிக்கும் குறைவாகவும் போதும். 60 டிகிரியைத் தொட்டால் புரதங்கள் உடனே வெந்து இறுகி உயிரணு செத்துவிடும்.

அப்படியானால் 120 டிகிரிக்கு ஏற்றினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 100 டிகிரியைத் தாண்டினால் திசுவில் உள்ள நீர் ஆவியாகி, ஊசியைச் சுற்றிக் கரி படிகிறது. கரி மின்சாரத்தையும் வெப்பத்தையும் வெளியே விடாது. நடுவில் கருகியும் ஓரத்தில் உயிரோடும் ஒரு கட்டி மிஞ்சிவிடலாம். ஆகவே, ஊசி முனையில் எவ்வளவு சூடு என்பது பெரிய விஷயமில்லை. கட்டியின் விளிம்பைத் தாண்டி அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரையில் உள்ள திசுவிலும் 60 டிகிரி எட்டியதா என்பதுதான் விஷயம்.

## எந்த வழியானாலும் முதலில் பயாப்சி

சுட்ட கட்டியிலிருந்து பிறகு நம்பகமாக எதையும் சோதிக்க முடியாது. எனவே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள், ஹெர்-2 (புற்றணுவை வேகமாக வளரத் தூண்டும் புரதம்), கேஐ-67 (அணுக்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் அளவு), கட்டியின் தரம் (அணுக்கள் எவ்வளவு இயல்பு மாறியிருக்கின்றன என்பது) ஆகிய எல்லாமே தடித்த ஊசி பயாப்சியில் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். கீமோ தேவையா என்று சொல்லும் மரபணுப் பரிசோதனைக்கும் அந்தத் துண்டுகளைத்தான் அனுப்ப வேண்டும். மெல்லிய ஊசியில் அணுக்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் சோதனையை நம்பி யாரும் அப்லேஷனுக்குப் போகக் கூடாது. பல துண்டுகள் எடுத்து, அதே இடத்தில் சிறு உலோகக் குறிப்பானும் வைத்துவிட்டால் பின்னாளில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது.

இதோடு எம்.ஆர்.ஐ. ஒன்றும் வேண்டும். அல்ட்ராசவுண்டில் ஒரே கட்டியாகத் தெரிவது, எம்.ஆர்.ஐ.யில் பக்கத்தில் துணைக் கட்டியோடு தெரிவதுண்டு. பால் குழாய்க்குள்ளேயே பரவும் ஆரம்பநிலைப் புற்று அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரியாது. மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகளாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியை எந்த ஊசியும் குறிவைக்க முடியாது. அப்லேஷன் தோற்கும் இடங்களில் முதன்மையானது இது.

## அறுவை: ஒப்பிடுவதற்கான அடிக்கோல்

கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் எடுத்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சு தருவது. இதற்கு இருக்கும் தரவுக்கு ஈடு வேறு எதற்கும் இல்லை. என்.எஸ்.ஏ.பி.பி. என்ற அமெரிக்க ஆய்வுக் குழு 1976-ல் தொடங்கிய பி-06 ஆய்வின் இருபதாண்டு முடிவு 2002-ல் வெளியானது. மார்பகத்தை முழுக்க எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவுக்கே உயிர் வாழ்ந்தார்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3% பேருக்கு அதே மார்பகத்தில் புற்று திரும்பியது. கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2%.

இதன் குறை, ஓரம் சுத்தமாக வராவிட்டால் மறுபடி அறுவைக்குப் போக வேண்டியிருப்பது. வடு, வடிவ மாற்றம், மயக்க மருந்து ஆகியவையும் உண்டு. ஆனால் சிறிய கட்டிக்குச் செய்யும் அறுவை பெரும்பாலும் அன்றே வீடு திரும்பக்கூடியது என்பதை மறக்க வேண்டாம். ஒப்பீட்டில் 'வெட்டுவது' என்றதும் மனம் மார்பகத்தை முழுக்க அகற்றுவதைக் கற்பனை செய்துகொள்கிறது. ஒன்றரை செ.மீ. கட்டிக்கு அது சரியான எதிர்த்தட்டு அல்ல.

இதுவே மேல் எப்போது: கட்டி 2 செ.மீ.க்கு மேல்; பல கட்டிகள்; சுண்ணாம்புப் புள்ளிகள் பரவியிருப்பது; பால் சுரப்பிகளில் தொடங்கி, எல்லை கலங்கித் தெரியும் லோபுலார் வகை; தோலுக்கோ காம்புக்கோ மிக அருகில் இருப்பது. மும்மறை வகைக்கும் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 மூன்றும் இல்லாதது) ஹெர்-2 மிகுந்த வகைக்கும் முதலில் மருந்து கொடுத்து, பிறகு வெட்டி எடுத்த திசுவில் எவ்வளவு புற்று மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது அடுத்த மருந்தையே தீர்மானிக்கும் தகவல். அதை இழக்கக் கூடாது.

## ரேடியோ அலை: சுட்டு அழிக்கும் முறைகளில் அதிகம் சோதிக்கப்பட்டது

ஊசி போன்ற மின்முனையைக் கட்டிக்குள் செலுத்தி, நொடிக்குச் சுமார் 5 லட்சம் முறை திசை மாறும் மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். திசுவில் உள்ள அயனிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைக்கழிந்து உரசுவதில் சூடு பிறக்கிறது. மின்சாரம் வெளியேறத் தொடையில் பெரிய ஒட்டுத் தகடுகள் இருக்கும்.

மார்பகப் புற்றில் இதை முதலில் செய்து பார்த்த அறிக்கை 1999-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. இதை வழக்கமான சிகிச்சையாகக் கொண்டுவரப் பெரிய அளவில் உழைத்த நாடு ஜப்பான். அங்கே நடந்த ரஃபேலோ ஆய்வில் 372 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒற்றைக் கட்டி, 1.5 செ.மீ.க்குள், அக்குளில் பரவல் தெரியாதவர்கள் மட்டும். 2023-ல் அந்த நாட்டில் இதே வரம்போடு அனுமதியும் காப்பீடும் கிடைத்தன. கவனிக்க வேண்டியது இந்த வரம்பு. 'ஜப்பானில் அனுமதித்துவிட்டார்கள்' என்ற செய்தியைக் கேட்டு மூன்று செ.மீ. கட்டியோடு போய் நிற்பதில் பொருளில்லை. அந்த ஆய்வில் சுட்ட பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அதன்பின் பயாப்சி எடுத்து உயிருள்ள அணு மிஞ்சியதா என்றும் பார்த்தார்கள்.

செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வெற்றியும் தோல்வியும் இங்கேதான் முடிவாகின்றன.

ஊசி கட்டியின் நட்ட நடுவே துளைத்து, எதிர்ப்பக்கம் சிறிது வெளியே வர வேண்டும். அல்ட்ராசவுண்ட் கருவியை ஒரு திசையில் வைத்துப் பார்த்தால் நடுவில் இருப்பது போலவே தெரியும். 90 டிகிரி திருப்பிப் பார்த்தால்தான் ஒதுங்கியிருப்பது தெரியும். இரண்டு தளத்திலும் பார்க்காமல் மின்சாரத்தைத் திறக்கவே கூடாது. கணக்கு எளிது: 1.5 செ.மீ. கட்டி, 3 செ.மீ. விட்டத்துக்கு எரியும் பகுதி என்றால், ஊசி சரியாக நடுவில் இருந்தால் எல்லாப் பக்கமும் 7.5 மி.மீ. ஓரம் கிடைக்கும். நான்கே மி.மீ. விலகிவிட்டால் ஒரு பக்கம் 11.5, மறுபக்கம் வெறும் 3.5.

அடுத்தது இடைவெளி. கட்டிக்கும் தோலுக்கும், கட்டிக்கும் மார்புத் தசைக்கும் நடுவே திரவம் செலுத்தித் தள்ளிவைக்கிறார்கள். அந்தத் திரவம் 5% குளுக்கோஸ் நீராக இருக்க வேண்டும். உப்பு நீர் கூடாது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், பாதுகாப்புக்காகப் போட்ட திரையே சூட்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தோலின் மேல் பனிக்கட்டிப் பையும் வைப்பார்கள்.

மின்சக்தியைக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகவே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் முனையைச் சுற்றிக் கரி படிந்து, மின்தடை எகிறி, கருவி தானாகவே நின்றுவிடும். பார்ப்பவருக்கு 'முடிந்துவிட்டது' என்ற தோற்றம் கிடைக்கும்; ஓரம் வெந்திருக்காது. ஊசிக்குள் குளிர்ந்த நீர் ஓடும் வகை இதைத் தவிர்ப்பதற்காகவே வந்தது.

சூடேறியதும் நீராவிக் குமிழ்கள் அல்ட்ராசவுண்டில் வெள்ளை மேகமாகப் படர்ந்து, அடிப்பக்க எல்லையை மறைத்துவிடும். அந்த மேகத்தின் அளவை எரிந்த பகுதியின் அளவாக எண்ணிவிடக் கூடாது. மேகம் கிளம்பிய பிறகு ஊசியைத் திருத்தி வைப்பதும் குருட்டு வேலை.

தொடைத் தகடுகளையும் சொல்லியாக வேண்டும். தோல் ஈரமாக இருந்தாலோ, முடி நிறைந்திருந்தாலோ, ஒரு மூலை பெயர்ந்திருந்தாலோ மின்சாரம் ஒரே ஓரத்தில் குவிந்து தொடை வெந்துவிடும். மயக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குத் தனி ஆலோசனை இல்லாமல் இந்த முறை கூடாது.

கொழுப்பு ஒரு தனிச் சிக்கல். மின்சாரத்தையும் வெப்பத்தையும் அது சரியாகக் கடத்தாது. கொழுப்பு சூழ்ந்த கட்டிக்குள் சூடு தங்கி நன்றாக வேகும். ஆனால் நமக்கு வேண்டிய சுற்று ஓரம் அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது.

இதுவே மேல் எப்போது: ஒற்றைக் கட்டி, 1.5 செ.மீ.க்குள், அல்ட்ராசவுண்டில் எல்லை தெளிவு, தோலிலிருந்து சுமார் ஒரு செ.மீ. தள்ளி, ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, கதிர்வீச்சுக்கும் தொடர் பரிசோதனைக்கும் ஒப்புக்கொள்பவர்.

## மைக்ரோவேவ்: வேகம்தான் பலம், வேகம்தான் ஆபத்து

915 அல்லது 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகளை ஊசி ஆண்டெனா வழியே அனுப்பி நீர் மூலக்கூறுகளைச் சுழல வைத்துச் சூடாக்குகிறார்கள். திசு வழியே மின்சாரம் பாய வேண்டியதில்லை. தொடைத் தகடும் இல்லை, கரி படிந்தாலும் வேலை நிற்பதில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கல்லீரலில் இந்த வேகம் வரம். மார்பகத்தில் தோல் சில மி.மீ. தூரத்தில் இருப்பதால் யோசிக்க வைக்கிறது. எரியும் பகுதி உருண்டையாக இல்லாமல், ஊசித் தண்டின் வழியே பின்னோக்கி நீள்வதும் உண்டு. ஊசி நுழைந்த இடத்தில் தோல் வேக இதுதான் காரணம். தண்டுக்குக் குளிர்நீர் ஓட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். மார்பகப் புற்றில் இதற்கான ஆய்வுகள் ரேடியோ அலையைவிடக் குறைவு. மற்ற எல்லாத் தகுதியும் சமமாக இருந்து, செய்பவருக்கு இந்தக் கருவியில்தான் கை பழகியிருக்கிறது என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு.

## லேசர்: ஓரத்திலேயே வெப்பமானி

கண்ணாடி இழை வழியே அகச்சிவப்பு ஒளியைக் கட்டிக்குள் கொண்டுபோய்ச் சூடாக்குவது. இதில் எனக்குப் பிடித்த அம்சம், இணையாக இன்னொரு ஊசியைக் கட்டியின் ஓரத்துக்கு வெளியே செருகி, அங்கே உள்ள உணரி 60 டிகிரி காட்டும்வரை நிறுத்தாமல் தொடர்வது. நமக்கு வேண்டிய இடத்து வெப்பத்தையே அளக்கிறார்கள். இது நேர்மையான அளவை. மேமோகிராம் வழிகாட்டலில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்ய முடியும். அல்ட்ராசவுண்டில் தெரியாமல் மேமோகிராமில் மட்டும் தெரியும் கட்டிக்கும் இது வழி தருகிறது.

2018-ல் வெளியான அப்லேட் ஆய்வில் 2 செ.மீ.க்குள் கட்டி உள்ள 61 பேருக்கு லேசரால் சுட்டு, பிறகு அறுவையில் அந்த இடத்தை எடுத்தே பார்த்தார்கள். 51 பேருக்கு, அதாவது 84% பேருக்கு, கட்டி முழுக்கச் செத்திருந்தது. இடைப்பட்ட எம்.ஆர்.ஐ. 'ஒன்றும் மிஞ்சவில்லை' என்று சொன்னால் அது சரியாக இருந்த வாய்ப்பு 92.2%. நல்ல எண்தான். ஆனால் அதை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும்: எம்.ஆர்.ஐ. சுத்தம் என்று சொல்லி அனுப்பியிருந்தால், நூறில் ஏழெட்டுப் பேர் உயிருள்ள புற்றோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சிக்கல்கள்: இழை உடைவது, முனை கருகுவது. இரண்டு ஊசியும் இணையாக இல்லாமல் சாய்ந்துவிட்டால் வெப்பமானி தவறான இடத்தை அளக்கும். இந்தக் கருவியும் பழகிய கையும் கிடைக்கும் மையங்கள் மிகக் குறைவு.

## குவித்த ஒலி அலை: ஊசியே இல்லாதது

வெளியிலிருந்து அனுப்பும் ஒலி அலைகளை உள்ளே ஒரு புள்ளியில் குவித்துச் சுடுவது. தோலில் துளைகூட இல்லை என்பதால் கேட்டவுடன் எல்லோரையும் ஈர்ப்பது இதுதான். நம்பிக்கைக்கும் சான்றுக்கும் இடையே அதிக தூரம் இருப்பதும் இதில்தான்.

ஒரு முறை குவிக்கும்போது வேகும் பகுதி சில மி.மீ. அகலமும் அதைவிடக் கூடுதல் நீளமும் கொண்ட சிறு துண்டு. ஒன்றரை செ.மீ. கட்டியையும் அதன் ஓரத்தையும் மூட இப்படிப் பல துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே தோல் ஆற நேரம் விட வேண்டும். மொத்தத்தில் ஒன்று முதல் மூன்று மணி நேரம், குப்புறப் படுத்து, அசையாமல். நடுவில் ஒருமுறை புரண்டாலோ பெருமூச்சு விட்டாலோ இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேகாத கீற்று விட்டுப்போகும்.

எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் செய்தால் வெப்பத்தைப் படமாகவே பார்க்கலாம் என்பார்கள். பாதி உண்மை. அந்த வெப்ப வரைபடம் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் அதிர்வெண் மாற்றத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கொழுப்பில் அந்த மாற்றம் நடப்பதில்லை. மார்பகத்தில் கட்டியைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. ஓரத்தில் என்ன சூடு என்ற நம் முதல் கேள்விக்கு விடை வேண்டிய இடத்திலேயே படம் மௌனமாகிவிடுகிறது.

அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு மதிப்பாய்வில், சுட்ட பிறகு எடுத்துப் பார்த்தவர்களில் 46.2% பேருக்கு மட்டுமே புற்று எதுவும் மிஞ்சவில்லை. தோலுக்கும் கருவிக்கும் நடுவே உள்ள நீரில் காற்றுக் குமிழ் சிக்கினாலோ, பழைய அறுவைத் தழும்பு பாதையில் இருந்தாலோ தோல் வெந்துவிடும்.

புற்று அல்லாத நார்க்கட்டிகளுக்கு இந்த முறை நியாயமான தெரிவு. அங்கே கொஞ்சம் மிஞ்சினாலும் உயிருக்கு ஒன்றுமில்லை. புற்றுக்கட்டிக்கு, முறையான ஆய்வுத் திட்டத்துக்கு வெளியே இதை ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

## உறைய வைப்பது: சூடு இல்லை, ஆனால் ஒப்பிட்டே ஆக வேண்டும்

திரவ நைட்ரஜனோ ஆர்கான் வாயுவோ பயன்படுத்தி உறைய வைத்து, உருக விட்டு, மறுபடி உறைய வைக்கிறார்கள். குளிரே மரத்துப்போக வைப்பதால் வலி குறைவு, மயக்கமே வேண்டாம். பனி உருண்டை வளர்வது அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியும். ஆனால் பனியின் விளிம்பு 0 டிகிரிதான், அங்கே அணு சாகாது. கொல்லும் குளிர் அதற்கு உள்ளேதான். எனவே பனி கட்டியைத் தாண்டி ஒரு செ.மீ. வரை வளர வேண்டும். தோலின் அருகே வந்தால் உப்பு நீர் செலுத்தித் தள்ளிவைக்கலாம். இங்கே மின்சாரம் இல்லாததால் உப்பு நீரில் கெடுதி இல்லை.

ஐஸ்-3 ஆய்வில் 60 வயதைத் தாண்டிய, 1.5 செ.மீ.க்குள் கட்டி உள்ள, ஹார்மோன் ஏற்பி இருந்து ஹெர்-2 இல்லாத 194 பேரை அறுவை செய்யாமலேயே பின்தொடர்ந்தார்கள். ஐந்தாண்டில் அதே மார்பகத்தில் புற்று திரும்பியது 4.3%. வயதானவர், இதய நோய் உள்ளவர், மயக்கம் தாங்காதவர் என்றால் சூட்டு முறைகளுக்கு முன் இதைத்தான் கேட்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | அறுவை | ரேடியோ அலை | மைக்ரோவேவ் | லேசர் | குவித்த ஒலி அலை | உறைய வைப்பது |
|---|---|---|---|---|---|---|
| ஓரம் சுத்தம் என்பதற்கு ஆதாரம் | நுண்ணோக்கி | படம், பயாப்சி | படம், பயாப்சி | ஓர வெப்பமானி, படம், பயாப்சி | படம், பயாப்சி | பனி எல்லை, படம், பயாப்சி |
| ஏற்ற அளவு | வரம்பு தளர்வு | 1.5 செ.மீ.க்குள் | சிறிய ஒற்றைக் கட்டி | ஆய்வில் 2 செ.மீ.க்குள் | ஆய்வில் மட்டும் | 1.5 செ.மீ.க்குள் |
| மயக்கம் | பெரும்பாலும் முழு மயக்கம் | முழு மயக்கம் அல்லது தூக்க மருந்து | தூக்க மருந்து அல்லது மரத்துப்போகும் ஊசி | மரத்துப்போகும் ஊசி | தூக்க மருந்து | மரத்துப்போகும் ஊசி |
| முக்கிய ஆபத்து | மறு அறுவை, வடிவ மாற்றம் | தோல், தசை, தொடைத் தகட்டுப் புண் | ஊசி வழித் தோல் புண் | தவறான இட அளவீடு | வேகாத கீற்று, தோல் புண் | தோல் உறைவுப் புண் |
| கட்டித் திசு பின்னர் கிடைக்குமா | முழுதும் | இல்லை | இல்லை | இல்லை | இல்லை | இல்லை |
| தரவின் ஆழம் | பல பத்தாண்டு | நடுத்தரம் | குறைவு | குறைவு | குறைவு | நடுத்தரம் |

## சொல்லாமல் விடப்படும் செலவுகள்

கதிர்வீச்சு போய்விடுவதில்லை. 'சுட்டு எடுத்தாயிற்று, கதிர்வீச்சு வேண்டாம்' என்று யாரும் தானாக முடிவு செய்யக் கூடாது. கதிர்வீச்சை விடலாமா என்பது வயதையும் கட்டியின் குணத்தையும் பொறுத்த தனி முடிவு. பிரைம்-2 ஆய்வில் 65 வயதைத் தாண்டிய, குறைந்த ஆபத்துள்ள, அறுவை செய்துகொண்ட பெண்களிலேயே, பத்தாண்டில் அதே மார்பகத்தில் புற்று திரும்பியது கதிர்வீச்சு பெற்றவர்களில் 0.9%, பெறாதவர்களில் 9.5%. உயிர்வாழ்வில் வேறுபாடு இல்லை. அது ஓரம் சுத்தம் என்று நுண்ணோக்கி சொன்னவர்களின் கணக்கு. அந்த உறுதி இல்லாத அப்லேஷனுக்கு அதை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது.

கட்டி கையில் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். இதை முன்பே சொல்லாததால் வரும் மனவேதனை கொஞ்சநஞ்சமல்ல. வெந்த திசுவும் சுற்றியுள்ள கொழுப்பும் இறுகி, முன்பு இருந்ததைவிடப் பெரிய கெட்டிக் கட்டியாக மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு முறை குளிக்கும்போதும் அது கையில் படும். எண்ணெய் நிறைந்த நீர்க்கட்டிகளும் சுண்ணாம்புப் படிவுகளும் மேமோகிராமில் தெரியும். புதிதாகப் பார்க்கும் கதிரியல் மருத்துவர் அதைப் புற்று என்று சந்தேகித்து மறுபடி பயாப்சிக்கு அனுப்பலாம். சிகிச்சை அறிக்கையும் படங்களும் எப்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பயாப்சியும் ஏமாற்றக்கூடும். சூட்டில் செத்த அணு, உருவம் கலையாமல் பதப்பட்டது போல நிற்கலாம். வழக்கமான சாயத்தில் பார்த்தால் உயிருள்ளது போலவே தோன்றும். உயிர் இருக்கிறதா என்று காட்டும் என்.ஏ.டி.எச். சாயம் போன்ற சோதனைக்குத் திசுவை ஃபார்மலினில் போடாமல் புதிதாக உறைய வைத்து அனுப்ப வேண்டும். நோயியல் துறைக்கு இது முன்கூட்டியே தெரியாத மையத்தில் 'புற்று மிஞ்சியிருக்கிறது' என்ற தவறான முடிவு வந்து, வீண் அறுவையில் முடியலாம்.

முழுக் கட்டியைப் பார்க்கும் வாய்ப்பு போகிறது. உண்மையான அளவு, இரத்த நாளங்களில் நுழைவு, ஒரு மூலையில் மட்டும் இருக்கும் மோசமான தரம் ஆகியவை முழுக் கட்டியை நறுக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஊசித் துண்டில் தப்பிவிட்ட தகவல் நிரந்தரமாகத் தப்பியதுதான்.

அக்குள். காவல் நிணநீர்க் கணுவை (புற்று பரவினால் முதலில் எட்டும் கணு) எடுத்துச் சோதிப்பது தேவையென்றால் அதற்கு ஒரு கீறல் உண்டு. 'தழும்பே இல்லை' என்ற வாக்கு அங்கே முடிந்துவிடுகிறது. சுடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது. கட்டியைச் சுற்றிய நிணநீர்ப் பாதை வெந்துவிட்டால் அந்தக் கணுவைக் காட்டச் செலுத்தும் சாயமும் ஐசோடோப்பும் சரியாகப் போய்ச் சேராமல் போகலாம். ஆபத்துக் குறைந்த சிலருக்கு இந்தச் சோதனையையே தவிர்க்கலாம் என்பதற்கு இப்போது நல்ல சான்று இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தோற்றால் வரும் அறுவை. வெந்து இறுகிய இடத்தில் ஓரத்தைக் கையாலோ கண்ணாலோ பிரித்தறிவது கடினம். முதலிலேயே வெட்டியிருந்தால் போனதைவிட அதிக திசு போகும்.

## எந்த நிலையில் எந்தப் பக்கம்

45 வயது, அடர்த்தியான மார்பகம், எல்லை கலங்கிய கட்டி: அறுவை. வாழவேண்டிய ஆண்டுகள் நிறைய இருப்பவருக்கு நீண்ட காலத் தரவு உள்ள வழியே தகும்.

58 வயது, 1.1 செ.மீ. ஒற்றைக் கட்டி, ஹார்மோன் ஏற்பி உண்டு, அல்ட்ராசவுண்டில் தெளிவு, கதிர்வீச்சுக்கும் ஹார்மோன் மாத்திரைக்கும் தயார், எம்.ஆர்.ஐ. வசதி அருகில்: ரேடியோ அலையும் அறுவையும் இரண்டுமே பேசத் தக்கவை. மார்பகத்தின் வடிவம் மாறாதிருப்பது இவருக்கு முக்கியம் என்றால் ரேடியோ அலைக்குச் சாய்வதில் தவறில்லை.

78 வயது, இதய வால்வு நோய், மயக்கம் ஆபத்து, மெதுவாக வளரும் கட்டி: முதலில் உறைய வைப்பது, அது கிடைக்காவிட்டால் மரத்துப்போகும் ஊசியில் செய்யும் லேசரோ மைக்ரோவேவோ. எதுவும் செய்யாமல் ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுப்பதோடும் இதை ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும்.

தொடர்ந்து பரிசோதனைக்கு வர முடியாதவர், வெகுதூரத்தில் இருப்பவர், படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளாதவர், இடுக்கமான எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் இருக்க முடியாதவர்: கட்டி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அறுவை. அப்லேஷனில் சிகிச்சையின் பாதி, சுட்ட பிறகுதான் தொடங்குகிறது.

## ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

இந்த மையத்தில் இதே முறையில், மார்பகப் புற்றுக்கு, எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள்? கல்லீரல், தைராய்டு எண்ணிக்கை வேண்டாம். எத்தனை பேருக்கு உயிருள்ள அணு மிஞ்சியது, அவர்களுக்கு அடுத்து என்ன செய்தார்கள்? சுட்ட பிறகு முதல் எம்.ஆர்.ஐ. எப்போது? எதை வைத்து 'முழுமை' என்பார்கள்? எரிந்த பகுதிக்குள் கான்ட்ராஸ்ட் ஏறாமல் கருமையாக இருந்து, சுற்றிலும் சீரான மெல்லிய வளையம் மட்டும் தெரிந்தால் அது ஆறும் அழற்சி. வளையத்தின் ஒரு பக்கம் தடித்தோ முடிச்சாகவோ இருந்தால் மிச்சப் புற்று என்றே எண்ணிப் பயாப்சி எடுக்க வேண்டும். பயாப்சியையும் வெந்த நடுப்பகுதியில் எடுத்துப் பயனில்லை. ஓரத்திலிருந்து, வெற்றிட உறிஞ்சல் ஊசியால், பல துண்டுகள் வேண்டும்.

மிச்சம் இருப்பது தெரியவந்தால் மறுபடி சுடுவார்களா, அறுவைக்கு அனுப்புவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தில் அது இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன் சேர்க்கச் சொல்லுங்கள்.